மேஸ்திரி கேட்காத மன்னிப்பு

விசில் என்பது ஒரு ஆளின் பெயர். போன வாரம் தவறவிட்டவர்கள் இந்த இடத்தில் பிடித்துக்கொண்டால் போதும். ரொட்டிக் கம்பெனியில் மாவு பிசைகிற இயந்திரத்தை ஓட்டுகிறவன். எந்நேரமும் வாயில் ஏதாவது ஒரு மெட்டு ஓடிக்கொண்டிருக்கும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால், இவன் சுவிட்சைத் தட்டியதில் மேஸ்திரியின் மகனுக்கு வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. இயந்திரத்துக்குள் கையை விட்டுத் துடைக்கிறவன் முதலில் பலகையிலிருந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். கட்டை பையில் இருக்கிறவரைக்கும் இயந்திரம் வெறும் இரும்பு. அன்றைக்குத் துடைக்கிற வேலை மகனுக்கு. அவனும் அப்படித்தான் செய்தான். கட்டை அவன் பையில்தான் இருந்தது. விசில் அவசரமாக வந்தான். பலகையில் கட்டை இல்லை. எவனோ எங்கேயோ வைத்துத் தொலைத்துவிட்டான் என்று நினைத்தான். பக்கத்தில் மாவு சலிக்கிற இயந்திரத்தின் கட்டையைப் பிடுங்கி இதில் செருகினான். அண்டாவுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. விசிலடித்துக்கொண்டே தட்டினான்.

குடித்திருக்கவில்லை. பகையும் இல்லை. கவனக்குறைவு, அவ்வளவுதான். மேஸ்திரிக்கு அதுதான் ஆறவில்லை. பகை என்றாலாவது ஆளை மதித்துச் செய்தான் என்று இருக்கும்.

மேஸ்திரியும் அதே கம்பெனியில் அடுப்பைப் பார்த்து ஓய்வு பெற்றவர்தான். அந்த மரியாதைக்காக நேற்று முதலாளி வீடு தேடி வந்து ஒரு பாரத்தைத் தலையில் வைத்துவிட்டுப் போனார்.

"விசிலை வெச்சுக்கிறதா, அனுப்பறதான்னு நீங்களே சொல்லிடுங்க மேஸ்திரி. நாளைக்குச் சாயங்காலம் போன் பண்றேன். நீங்க சொல்றதுதான் முடிவு."

இதில் முடிவு பண்ண என்ன இருக்கிறது? அனுப்பிவிடுங்கள் என்று அங்கேயே சொல்லியிருப்பார். முதலாளி கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறிவிட்டார். அதற்குள் மனைவி வேறு ஒரு குண்டைப் போட்டாள். விசிலை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாளாம்.

இன்றைக்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

*

காலையில் அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி சமையலறை வாசலில் நின்று சட்டைக்குப் பித்தான் போட்டார்.

"எதுக்கு இவ்வளவு மீன்?"

"நாலு பேருக்கு."

"நாம மூணு பேர்."

"உங்களுக்குக் கணக்கு வராதுன்னு எனக்குத் தெரியும். நேத்தே சொல்லிட்டேன், அவன் வர்றான்."

"அவனுக்கு என் வீட்டுல சோறா?"

"என் வீடும்தாங்க. என் பங்குல உட்கார்ந்து சாப்பிட்டுப் போகட்டும்."

மேஸ்திரி ஒரு பித்தானைத் தப்பான ஓட்டையில் போட்டுவிட்டுக் கழற்றினார்.

"உன்கிட்ட வந்து மன்னிச்சிடுங்கன்னு கேட்டானா அவன்?"

"இல்ல. அவனுக்குக் கேட்கத் தெரியலை. விடியறதுக்கு முன்னால வந்து வாசலைக் கூட்டறான். குழாயைக் கழட்டி மாட்டறான். போன வாரம் கொடிக்கயிறை மாத்திட்டுப் போனான், நல்லாத்தான் இருந்தது அது. இனிமே வேலை செய்ய வராதே, சாப்பிட வான்னு சொல்லிட்டேன்."

"கேட்காதவனுக்குக் கொடுத்திருக்கே."

"கேட்டாக் கொடுக்கறதுக்குக் கடை இருக்குங்க."

"இலவசம்னு எவன் சொன்னாலும் நான் ஒரு அடி பின்னால போயிடுவேன், தெரியும் இல்ல? சோப்புத்தூள் வாங்கினா வாளி இலவசம்னான். வாளிக் காசைச் சோப்புத்தூள்ல ஏத்தி வெச்சிருந்தான். சோப்புத்தூள் நுரைக்கவும் இல்ல."

"அந்த வாளியிலதான் இன்னைக்கும் குளிச்சீங்க," என்றாள் அவள். "கிளம்புங்க. ஆராதனைக்கு நேரமாச்சு."

*

மேஸ்திரி சபைக்குப் போவார். கடைசி பெஞ்சில், கதவுக்குப் பக்கத்தில் உட்காருவார். பிறந்ததிலிருந்து அந்த மார்க்கம்தான். ஆனாலும் யார் எதைச் சொன்னாலும் ஒரு தடவை தட்டிப் பார்த்துத்தான் உள்ளே எடுப்பார். வெந்த ரொட்டியைத் திருப்பி அடியில் தட்டிச் சத்தம் கேட்டே காலத்தைக் கழித்த கை. பழக்கம் போகவில்லை.

அன்றைக்குப் பிரசங்கம் கிருபையைப் பற்றி. இவள் போய் பாஸ்டரிடம் சொல்லி வைத்திருப்பாளோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். இரட்சிப்பை உழைத்துச் சம்பாதிக்க முடியாது, வாங்கிக்கொள்ளத்தான் முடியும் என்றார் பாஸ்டர். நல்லது செய்து குவித்து அதை வாங்கிவிடலாம் என்று நினைக்கிறவனும் ஏமாந்துபோவான், தான் கெட்டவன் ஆயிற்றே, தனக்குக் கிடைக்காது என்று ஒதுங்குகிறவனும் ஏமாந்துபோவான் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருப்பதுதான் மேஸ்திரிக்குப் பிடிக்கவில்லை.

ஆராதனை முடிந்து வாசலில் கை குலுக்கும்போது பாஸ்டரின் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க மேஸ்திரி."

"நான் ஒரு ஞாயிறு தவறினவன் இல்ல. இங்க எந்த பெஞ்சு ஆடினாலும் ஆப்பு வெச்சது நான்தான். இன்னொருத்தன், ஒரு பிள்ளையோட கையை எடுத்துட்டு வந்து நிக்கிறான். ரெண்டு பேருக்கும் ஒரே கூலியா?"

"கூலியே கிடையாது மேஸ்திரி. ரெண்டு பேருக்கும் ஈவுதான். சும்மா கொடுக்கறதுதான்."

"அப்ப நான் வெச்ச ஆப்பு?"

"அது பெஞ்சுக்கு வெச்சது. பெஞ்சு ஆடாம இருக்கு," என்றார் பாஸ்டர் சிரித்துக்கொண்டே. பின்னால் வரிசை நின்றது. கையை மெல்ல உருவிக்கொண்டு அடுத்த ஆளுக்குக் கொடுத்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது மேஸ்திரி பொருமிக்கொண்டே வந்தார்.

"பதில் சொல்லாம நழுவிட்டான் பாரு உங்க பாஸ்டர்."

"சொன்னாரே."

"என்ன சொன்னான்? சும்மா கொடுக்கறதாம். சும்மா எதுவும் வராது. யாரோ ஒருத்தன் கையிலேருந்து போயிருக்கணும்."

"ஆமா. போயிருக்கு." அவள் நடையை நிறுத்தவில்லை. "ஆண்டவர் சிலுவையில தொங்கினது அவருக்குச் சும்மாவா?"

"அப்ப இலவசம் இல்லைன்னு ஒத்துக்கறே."

"கொடுத்தவருக்கு இல்ல. உங்களுக்கு இலவசம்."

மேஸ்திரிக்கு எங்கேயோ தான் ஜெயித்தது போலவும் இருந்தது, தோற்றது போலவும் இருந்தது. தெருமுனைத் தையல்கடை வரைக்கும் அதையே புரட்டிப் பார்த்தார். பிறகு ஒரு பிடி கிடைத்தது.

"சரி. விசிலுக்கு நீ கொடுத்திருக்கியே, உன் கையிலேருந்து என்ன போச்சு? போனது உன் கையா?"

அவள் அப்போது நின்றாள்.

"நான் பெத்த கைங்க அது," என்றாள்.



*

வீட்டுக்குப் பின்பக்கம் ஏணி சாத்தியிருந்தது. ஏணி உச்சியில் விசில் நின்று, கூரைத் தகரக் குழாயில் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். வாயில் இரண்டு ஆணி. மெட்டு இல்லை. கை போன அந்த நாளிலிருந்தே இல்லை.

மனைவி பார்ப்பதற்கு முன்னால் மேஸ்திரி பார்த்துவிட்டார். வேறு யாராவது ஏணியில் நின்றால் கை தானாகப் போய்ப் பிடித்துக்கொள்ளும். இப்போதும் போய்விட்டது. பிடித்த பிறகுதான் யாருக்குப் பிடித்திருக்கிறோம் என்று உறைத்தது. விட்டால் விழுவான். பிடித்துக்கொண்டே திட்டினார்.

"இறங்குடா. சாப்பிடக் கூப்பிட்டா ஏணியோட வந்திருக்கே."

விசில் ஆணிகளைக் கையில் துப்பினான். "சும்மா கையை வீசிட்டு எப்படி மேஸ்திரி வர்றது?"

காலையிலிருந்து மேஸ்திரி கேட்டதில் புத்தியுள்ள பேச்சு இது ஒன்றுதான். மனசு கொஞ்சம் இளகியது. உடனே அதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

விசில் இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டான். அவர் முகத்தைப் பார்க்காமல் ஏணியின் காலைப் பார்த்துப் பேசினான்.

"முதலாளி உங்ககிட்ட விட்டுட்டாராமே."

"ஆமா."

"அனுப்பிடச் சொல்லுங்க மேஸ்திரி."

"அதைத்தான் சொல்லப்போறேன்."

"ரொம்ப நன்றி."

மேஸ்திரி திடுக்கிட்டார். "எதுக்குடா நன்றி? உன்னை வேலையைவிட்டுத் தூக்கச் சொல்றேன்."

"தெரியும். நீங்க ஒருத்தராவது நியாயமாப் பேசறீங்க. உங்க வீட்டு அம்மா பேசறது எனக்குத் தாங்கலை." விசிலின் குரல் இறங்கிப்போயிற்று. "அன்னிக்கு ஆஸ்பத்திரியில அவங்க என்னை ஓங்கி நாலு அறை விடுவாங்கன்னுதான் போனேன். அறைஞ்சிருந்தா வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன். அவங்க என் தலையைப் பிடிச்சுட்டு அழறாங்க. சாப்பிட்டியான்னு கேட்கறாங்க. அன்னிலேருந்து எனக்குத் தூக்கம் கிடையாது. வேலை போச்சுன்னா ஏதோ கொஞ்சம் கழிஞ்ச மாதிரி இருக்கும். படுத்தாத் தூக்கம் வரும்."

மேஸ்திரி தாடையைச் சொறிந்தார்.

இது என்ன கூத்து? தண்டனை என்று தான் நினைத்து வைத்திருந்ததை இவன் பரிசாகக் கேட்கிறான். அனுப்பினால் இவனுக்கு நிம்மதி. இவனுக்கு நிம்மதி கொடுக்கவா காத்துக்கொண்டிருந்தோம்? அனுப்பாமல் வைத்தால் இவன் தினம் தினம் அந்த இயந்திரத்துக்கு முன்னால் நின்று சாவான். அதுதான் சரியான தண்டனை. ஆனால் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால், மேஸ்திரி மன்னித்துவிட்டார் என்று ஊரே சொல்லும். வீட்டுக்காரி முதலில் சொல்லுவாள். மன்னிக்காமல் மன்னித்தவன் என்று பெயர் வாங்கவேண்டும்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது.

"ஏணியை மடக்கு," என்றார். "உள்ளே போய்க் கை கழுவு. அவ முன்னால அந்தச் சுத்தியலைக் காட்டாதே."

*

மகன் அறையிலிருந்து வந்தான். இடது கையால் சட்டை போடப் பழகிக்கொண்டிருந்தான். பித்தான்கள் ஒன்று தள்ளிப் போயிருந்தன. வலது சட்டைக் கை முனையில் மடித்து ஊசி குத்தியிருந்தது. விசில் எழுந்து நின்றான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மீனைப் பார்த்தான்.

"உட்காரு," என்றான் மகன். "மீன் ஓடாது."

யாரும் சிரிக்கவில்லை. மனைவி ஜெபம் செய்தாள். வந்திருக்கிற பிள்ளைக்கும் சேர்த்து என்றாள். மேஸ்திரி ஆமென் சொல்லவில்லை. விசிலும் சொல்லவில்லை. இரண்டு பேரும் சொல்லாததை இரண்டு பேரும் கவனித்தார்கள்.

சாப்பாடு போட்டாள். விசில் சோற்றைப் பிசைந்தான். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. மகனின் தட்டில் மீன் முள்ளோடு கிடந்தது. விசிலின் கை மெல்ல நீண்டு அந்தத் தட்டுப் பக்கம் போயிற்று.

"முள்ளெல்லாம் அம்மா எடுப்பாங்க," என்றான் மகன். "நீ உன் தட்டைப் பாரு."

கை திரும்பிப் போயிற்று.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். உன்னை மன்னிச்சது அம்மாதான். நான் இல்ல. நான் இன்னும் அங்க வரலை. எப்ப வருவேன்னும் தெரியலை. அதைத் தெரிஞ்சுக்கிட்டுச் சாப்பிடு."

மனைவி மகனைப் பார்த்தாள்.

ஆனால் விசிலின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. கட்டிவைத்த கையை அவிழ்த்துவிட்டதுபோல ஒரு மூச்சு விட்டான். "சரிப்பா," என்றான். முதல் கவளத்தை வாயில் போட்டான். வந்ததிலிருந்து அதுதான் முதல் கவளம். அப்புறம் வேகமாகச் சாப்பிட்டான்.

மேஸ்திரிக்கு அதைப் பார்த்து ஒரு தெம்பு வந்தது. தன் கட்சிக்கு ஆள் சேர்ந்துவிட்டதுபோல இருந்தது.

"பார்த்தியா?" என்றார் மனைவியிடம். "திட்டினாத்தான் அவனுக்குச் சோறு இறங்குது. நீ கொடுக்கறது தொண்டையில நிக்குது. இவனுக்கே தெரியுது, இந்த மன்னிப்பு செல்லாதுன்னு. தப்பு பண்ணினவன் பண்ணினதுக்கு ஏத்த மாதிரி பட்டுத்தான் தீரணும். இந்த வீட்டுல நான் ஒருத்தன்தான் இதைச் சொல்றேன்."

அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள். நாளைக்குப் பால் வேண்டும் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஏத்த மாதிரி பட்டிருந்தா நீங்க இந்த வீட்டுல உட்கார்ந்து சாப்பிட்டுட்டு இருக்க மாட்டீங்க. உங்களை நான் மன்னிச்சு எவ்வளவு காலம் ஆச்சு."

மேஸ்திரியின் கை தட்டில் நின்றது.

"என்னையா?"

"ஆமா."

"எதுக்கு?"

"அதை ஏன் இப்ப? இன்னும் கொஞ்சம் சோறு போடறேன்."

"எதுக்குன்னு கேட்டேன்."

"சாப்பிடுங்க. ஆறுது."

விசில் தன் தட்டைப் பார்த்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தான். மகன் ஜன்னலைப் பார்த்தான்.

*

மத்தியானம் முழுக்க மேஸ்திரி மனைவி பின்னாலேயே சுற்றினார். அவள் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போனால் அங்கே போனார். விசில் தானும் கழுவ வருகிறேன் என்று இரண்டு தடவை தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவள் பிடுங்கி வைத்துவிட்டு அவனை முன்வாசலுக்குத் துரத்தினாள்.

மேஸ்திரி ஒவ்வொன்றாக ஞாபகத்தைக் கிளறி எடுத்துப் போட்டார்.

"உங்க அண்ணன் வந்தப்ப நான் எழுந்து வெளியே போனேனே, அதுவா?"

"இல்ல. அதை மறந்துட்டேன். ஆமா, அப்படியும் பண்ணினீங்க இல்ல? சரி, அதுவும் போகட்டும்."

"நம்ம பெரிய பொண்ணு கல்யாணத்துல வீடியோ எடுக்கறவனோட சண்டை போட்டேனே?"

"அதுவும் இல்ல."

"உன் வளையலைக் கேட்காம எடுத்துட்டுப் போய் அடகு வெச்சேன். திருப்பிக் கொண்டுவந்துட்டேனே."

அவள் ஒரு கணம் கையை நிறுத்தினாள். "அந்த வளையலை நீங்கதான் எடுத்தீங்களா? நான் எங்கேயோ வெச்சுட்டேன்னு ஒரு வாரம் வீட்டைத் தலைகீழாக்கித் தேடினேன்." பிறகு மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள். "சரி. அதையும் மன்னிச்சாச்சு."

இந்த ரீதியில் போனால் இன்றைக்கு முடிவதற்குள் புதிதாகப் பத்துக் குற்றத்துக்கு மன்னிப்பு வாங்கவேண்டி வரும். கேட்க வந்தது மட்டும் கிடைக்காது. மேஸ்திரி உஷாரானார்.

"நீயே சொல்லிடேன்."

"சொல்ல மாட்டேங்க. மன்னிச்சதை எடுத்து எடுத்துக் காட்டினா அதுக்கு மன்னிப்புன்னா பேர்?"

"நான் உன்கிட்ட மன்னிப்பே கேட்கலையே."

"கேட்கலை. உங்களுக்குத் தப்புன்னே தெரியலை. நீங்க கேட்கறவரைக்கும் காத்திருந்தா நான் எப்படி இந்த வீட்டுல இருந்திருப்பேன்? இந்தப் பிள்ளையை எப்படிப் பெத்திருப்பேன்? அதனால கொடுத்துட்டேன். அவ்வளவுதான். தள்ளுங்க, தண்ணி தெறிக்குது."

மகன் பிறப்பதற்கும் முன்னால் நடந்த விஷயமா? மேஸ்திரி மகனின் அறைக்குப் போனார். அவன் இடது கையால் எழுதிப் பழகிக்கொண்டிருந்தான். எழுத்தெல்லாம் சரிந்து கிடந்தது.

"உனக்குத் தெரியுமாடா?"

"என்னது?"

"உங்கம்மா சொன்னது."

மகன் பேனாவை வைத்தான். "தெரியும்ப்பா."

"உனக்கு எப்படி?"

"ஆஸ்பத்திரியில ஒரு நாள் நான் விசிலைக் கொல்லாம விடமாட்டேன்னு கத்தினேன். அப்ப சொன்னாங்க. அவங்க எப்படித் தாண்டி வந்தாங்கன்னு."

"பெரிசா?"

மகன் யோசித்தான். அந்த யோசனைதான் மேஸ்திரியை உலுக்கிற்று.

"சின்னது இல்லப்பா," என்றான்.

"சொல்லு."

"அம்மா உங்களுக்கே சொல்லாததை நான் எப்படிச் சொல்றது? விடுங்க. முடிஞ்சுபோச்சு. அவங்க முகத்தைப் பாருங்க, ஏதாவது தெரியுதா? இத்தனை வருஷம் தெரிஞ்சுதா?"

தெரியவில்லை. ஆளையே நம்பாத மேஸ்திரி, எடை போடாமல் மாவு மூட்டையை உள்ளே விடாத மேஸ்திரி, இத்தனை வருஷமாக ஒருத்தி தன்னைப் பொறுத்துக்கொண்டு சோறு போடுகிறாள் என்பது தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ருசியாகத்தான் இருந்தது. உப்புக் குறைவு என்று அவ்வப்போது திட்டவும் செய்திருக்கிறார்.

முன்வாசல் படியில் விசில் உட்கார்ந்திருந்தான். போகவும் இல்லை. கையில் வேலையும் இல்லை. இரண்டு கையையும் தொடை இடுக்கில் வைத்திருந்தான். மேஸ்திரி அவனிடமே போய் நின்றார். அந்த வீட்டில் அன்றைக்கு அவருக்கு வேறு ஆள் இல்லை.

"உனக்கும் தெரியுமா?"

"எனக்கு எப்படி மேஸ்திரி தெரியும்?" விசில் நிமிர்ந்து பார்த்தான். அவன் கண்ணில் இரக்கம் இருந்தது. அதைத்தான் மேஸ்திரியால் பொறுக்க முடியவில்லை. "ஆனா ஒண்ணு. நான் என்ன பண்ணினேன்னு எனக்காவது தெரியும்."

*

வெயில் சாய்கிற நேரத்துக்குப் போன் அடித்தது. மேஸ்திரி எடுத்தார். மனைவி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. படியில் உட்கார்ந்திருந்த விசில் நிமிர்ந்தான். வாசல் வழியாக அவன் முகம் தெரிந்தது. சொல்லிடுங்க என்று கெஞ்சுகிற முகம்.

"என்ன மேஸ்திரி, முடிவு பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன்."

அனுப்பிடுங்க. ஒரே ஒரு வார்த்தை. நேற்றிலிருந்து நாக்கு நுனியில் காத்திருக்கிறது. வாயைத் திறந்தார்.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. அனுப்பிடுங்க என்று சொன்னால் இவள் என்ன செய்வாள்? சண்டை போட மாட்டாள். முகத்தைத் தூக்க மாட்டாள். துணியை மடித்து வைத்துவிட்டு ராத்திரிச் சோற்றுக்கு உலை வைப்பாள். இதையும் மன்னித்துவிடுவாள். தான் எந்தக் கதவு வழியாக வெளியே போனாலும் அங்கேயும் இவள் முன்னால் போய் நிற்பாள்போல இருந்தது. ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் கேட்காததை வாங்கிக்கொண்டிருப்பது?

"மேஸ்திரி? கேட்குதா?"

"வெச்சுக்கோங்க," என்றார் மேஸ்திரி.

"என்ன?"

"விசிலை. வேலையில வெச்சுக்கோங்க. அதே மிஷின்."

"நான் வேற மாதிரி எதிர்பார்த்தேன். காரணம் கேட்கலாமா?"

"காரணம் இருந்தா உங்களுக்குச் சொல்லாம வேற யாருக்குச் சொல்லப்போறேன்," என்று சொல்லி போனை வைத்தார்.

மனைவி ஒரு சட்டையை மடித்தாள். அடுத்ததை எடுத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

வெளியே வந்தார். விசில் எழுந்து நின்றிருந்தான். முகம் சிவந்திருந்தது. இவ்வளவு கோபமாக அவனை மேஸ்திரி பார்த்ததில்லை.

"ஏன் மேஸ்திரி இப்படிப் பண்ணீங்க? உங்களைத்தானே நம்பியிருந்தேன்."

"தெரியலைடா."

"நான் நாளைக்கு வேலைக்குப் போகமாட்டேன். நீங்க வெச்சுக்கோங்கன்னாலும் போகமாட்டேன். அந்தக் கையை எடுத்தவன் நான். எனக்கு எதுவும் சும்மா வேண்டாம்."

இன்று காலையில் மேஸ்திரி சமையலறை வாசலில் நின்று பேசிய பேச்சு இதுதான். இன்னொருத்தன் வாயிலிருந்து கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது. மறுத்துச் சொல்ல ஏதாவது தேடினார். பாஸ்டர் சொன்னது ஒன்றும் ஞாபகத்தில் நிற்கவில்லை. மனைவி சொன்னதை எடுத்துச் சொல்ல வாய் வரவில்லை.

"வாங்கிக்கோயேன்," என்றார் கடைசியில்.

"எப்படி மேஸ்திரி வாங்கிக்கிறது இதை? சொல்லுங்க. எப்படி?"

மேஸ்திரி தெருவைப் பார்த்தார். எதிர்வீட்டில் யாரோ காரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அம்மாவும் மகனும் தணிந்த குரலில் ஏதோ பேசினார்கள். தன்னைப் பற்றித்தான் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஒரு அடி உள்ளே வைத்திருந்தால் காதில் விழுந்திருக்கும்.

வைக்கவில்லை.

"என்னைப் போய்க் கேட்கறியே," என்றார். "நகர்ந்து உட்காரு."